இடது பக்கக் கதவு

நம் டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. ஆனால் அது இந்த வேலைக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. இனி நீங்கள் உட்காரப் போவது இடது பக்க இருக்கையில். அங்கே உங்களுக்குக் கை இருக்கும், கைக்கு வேலை இருக்காது. வாய் இருக்கும், அதற்கு வேலை அதிகமாக இருக்கும். காலுக்கடியில் ஒரு பிரேக் இருக்கும். அந்த பிரேக்கை எப்போது மிதிக்கக்கூடாது என்று கற்றுக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை வருடம் ஆனது.

கிளட்ச், கியர், ரிவர்ஸ் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அதற்கு அலுவலகச் சுவரில் படம் மாட்டியிருக்கிறது. உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டதும் நான் எடுத்துப் பார்த்தது என் டைரிகளைத்தான்.

நான் வேலையிலிருந்து நின்றது வயதினால் அல்ல. என் வலது முழங்கால் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. அது இல்லாமல் நான் மட்டும் வேலைக்குப் போவது சரியாக இருக்காது என்று விலகிக்கொண்டேன். இப்போதும் வீட்டில் தொலைக்காட்சியில் ஏதாவது வண்டி வேகமாக வந்தால் என் கால் தரையை அழுத்துகிறது. என் மனைவி எங்கள் வீட்டுத் தரைவிரிப்பை என் காலுக்கு நேராக மட்டும் இரண்டாக மடித்துப் போட்டிருக்கிறார்.

டைரி எழுதும் பழக்கம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நிறையக் கத்துவேன். நான் கத்தியதில் ஒரு பள்ளி ஆசிரியை ஸ்டீரிங்கை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். வண்டி போய்க்கொண்டிருந்தது. அப்போதைய முதலாளி அதைக் கேள்விப்பட்டு என்னைத் திட்டவில்லை. "கத்துனத எல்லாம் சாயங்காலம் எழுதிப் பாருய்யா. எழுதுறதுக்கே ஒனக்கு வெக்கமா இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நான் எதையும் ஒழுங்காகச் செய்பவன். அன்றே ஸ்கேல் வைத்து மூன்று கட்டங்கள் போட்டேன். முதல் கட்டம்: என்ன நடந்தது. இரண்டாவது: நான் என்ன கத்தினேன். மூன்றாவது: கத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். இத்தனை வருட டைரிகளிலும் மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் "ஒன்றும் ஆகியிருக்காது" என்றுதான் இருக்கும். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் "கிணறு" என்று இருக்கும்.

அந்த மூன்று கட்டங்கள் என்னை மெல்ல மெல்ல மாற்றின. கத்துகிறவன் பேசுகிறவனாக ஆனேன். அதனால் உலகத்தில் மாற வேண்டிய எல்லோருக்கும் மூன்று கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. அந்த நம்பிக்கையோடு இருந்தபோதுதான் அடைக்கலம் வந்து சேர்ந்தார்.

அடைக்கலத்துக்கு இலுப்பூர் பக்கத்துக் கிராமம். ஐம்பதை ஒட்டிய வயது. இருபது வருடங்களுக்கு மேல் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டியவர். இடையிடையே விடுமுறைக்கு வந்து போனதைத் தவிர ஊரில் இருந்ததே இல்லை. இப்போது ஒரேயடியாகத் திரும்பிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்த சூட்டோடு குட்டியானை என்று நாம் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். கடலை மூட்டை, காய்கறி என்று சுற்றுவட்டாரத்தில் ஓட்டலாம் என்று எண்ணம். ஆனால் அவருடைய பழைய லைசென்ஸ் காலாவதியாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மறுபடியும் டெஸ்ட் கொடுத்தாக வேண்டும். வண்டி வாசலில் நின்றது. அதில் கோழிகள் அடைந்தன.

அதே சமயத்தில் கறம்பக்குடியிலிருந்து ஒரு விசா ஏஜென்ட் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பழைய கம்பெனியிலேயே மறுபடி வேலை தயார். வருகிறேன், வரவில்லை என்று டெஸ்ட் நாளன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அடைக்கலம் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"டெஸ்ட்ல பாஸானா இருக்கேன் வாத்தியாரே. பெயிலானா ஏறிப் போயிர்றேன். வீட்லயும் நான் எடஞ்சலாத்தான் கெடக்கேன்."

வெளிநாட்டில் டிரெய்லர் ஓட்டியவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது என்று நினைத்தேன். முதல் வகுப்புக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் கம்பீரமாக நடந்து வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, என் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். கைகள் அந்தரத்தில் நின்றன.

"வாத்தியாரே, ஸ்டீரிங்க யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க."

அங்கே ஸ்டீரிங் இடது பக்கம், சாலையில் ஓடுவது வலது பக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். தெரிந்த விஷயம்தான். அவருக்கும் தெரியும். அவருடைய கைக்கும் காலுக்கும் மட்டும் யாரும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவர் இடது கதவுக்குத்தான் வருவார். நானும் இடது கதவுக்குத்தான் வருவேன். இருவரும் அங்கே நின்று "நீங்க ஏறுங்க", "இல்ல, நீங்க ஏறுங்க" என்று மரியாதை செய்துகொள்வோம். பிறகு அவருக்கு நினைவு வந்து, தலையில் அடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு அங்கிட்டுப் போவார்.

உள்ளே உட்கார்ந்த பிறகும் நிம்மதியில்லை. அங்கே அவர் இடது கையால் இண்டிகேட்டர் போட்டுப் பழகியவர். நம் வண்டியில் இடது பக்கம் இருப்பது வைப்பர். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போடுவார். சித்திரை வெயிலில், காய்ந்த கண்ணாடி மேல் வைப்பர் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே அன்னவாசல் சாலையில் போவோம். மழையைப் பார்த்து மாதக்கணக்கான ஊர் இது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வானத்தைப் பார்த்தார்கள்.

"என்னங்க வாத்தியாரே, ஒங்க வண்டிக்கு மட்டும் தனியாப் பெய்யுதா?"

"எங்க கொல்லைப்பக்கம் ஒரு சுத்து வந்துட்டுப் போகச் சொல்லுங்க. கடல வாடுது."

அடைக்கலம் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை எதிர்ப்பக்க ஓரம் வரை கொண்டுபோய், பிறகு யானை திரும்புவது போல மெதுவாகத் திருப்புவார். எதற்கு என்று கேட்டேன்.

"பின்னாடி இழுவை வருதுல்ல."

"பின்னாடி ஒண்ணும் வரலைங்க. இது கார்."

அவர் கண்ணாடியில் பார்த்தார். பின் இருக்கையில் அடுத்த வகுப்புக்காகக் காத்திருந்த ஒரு பல் மருத்துவர் மட்டும் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அந்த வாரத்தோடு வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

வகுப்பு நேரத்தில் மாணவர் போனை நான் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். ஏஜென்ட் சரியாக நடு ரோட்டில்தான் கூப்பிடுவார். நான் எடுப்பேன்.

"அவரு வகுப்புல இருக்காருங்க."

"என்ன வகுப்பு?"

"கார் ஓட்டுற வகுப்பு."

"டிரெய்லர் ஓட்டுனவருங்க அவரு" என்பார் ஏஜென்ட்.

"ஆமாங்க. அதனாலதான்" என்பேன்.

டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னேற்றம் இல்லை. நான் என் வைத்தியத்தை எடுத்தேன். புது நோட்டு ஒன்று வாங்கி, என் கையாலேயே மூன்று கட்டங்கள் போட்டு, தலைப்பும் எழுதிக் கொடுத்தேன். இன்று எது பழகவில்லை. எது பழகியது. நாளை எதை மெதுவாக முயலலாம். "தெனமும் சாயங்காலம் உக்காந்து மனசுல படுறத எழுதுங்க. யாருக்கும் காட்ட வேணாம். எழுத எழுத மாத்தம் தானா வரும்" என்று சொன்னேன். அவர் அதை இரண்டு கைகளாலும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்.

யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லியும் மறுநாள் காலையில் என்னிடம் நீட்டினார். முதல் கட்டத்தில் "கார்" என்று இருந்தது. இரண்டாவது கட்டத்தில் "இல்லை" என்று இருந்தது. மூன்றாவதில் "நாளை" என்று இருந்தது.

"இன்னும் கொஞ்சம் விரிவா எழுதுங்க" என்றேன்.

அடுத்த நாள் "வெள்ளைக் கார்" என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த நாள் மூன்று கட்டங்களுக்கும் குறுக்கே "மேற்படி" என்று அழகாக எழுதிக் கோடு போட்டிருந்தார். நான் மனம் தளரவில்லை. கட்டங்கள் போதவில்லையோ என்று நினைத்து நான்காவதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். தலைப்பு: ஏன்? அதில் அவர் "தெரியவில்லை, சார் கேட்கிறார்" என்று எழுதினார்.

டெஸ்ட்டுக்குச் சில நாட்கள் இருந்தபோது அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். பெயர் வள்ளிக்கண்ணு. கையில் அந்த நோட்டு. அதை என் மேசை மேல் வைத்து, என் பக்கமாகத் தள்ளினார்.

"அண்ணே, இத நீங்களே வச்சிக்கங்க. இது வந்ததுலேருந்து எங்க வீட்டுக்கு ஒரு பாறாங்கல்லு வந்து சேந்த மாதிரி இருக்கு."

"ஏம்மா, என்னாச்சு?"

"சாயங்காலம் ஆனா இத மடில வச்சிக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சாப்புட வாங்கன்னா 'வாத்தியாரு எழுதச் சொன்னாரு'ங்கிறாரு. எழுதவும் மாட்டேங்கிறாரு, எந்திரிக்கவும் மாட்டேங்கிறாரு. மனுசன் பேச்சே போச்சுண்ணே."

"எப்பவுமே கம்மியாப் பேசுறவரோ?"

வள்ளிக்கண்ணு என்னை ஏதோ வேற்றுக்கிரகத்து ஆள் போலப் பார்த்தார். "இவரா?" என்று தன் போனை எடுத்தார். எதையோ தேடி, தட்டி, என் காதருகே நீட்டினார்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய குரல் செய்தி ஒன்று, அடைக்கலத்தின் குரல். ஆனால் நான் அதுவரை கேட்டிராத அடைக்கலம்.

"ஏ வள்ளி, கேளு கேளு. இன்னிக்கி ஒரு கூத்து. ரோட்டுக்கு நடுவுல ஒரு ஒட்டகம் படுத்திருச்சு. எந்திரிக்க மாட்டேங்குது. நான் ஆரன் அடிக்கிறேன், அது என்னயப் பாத்து அசபோடுது. ஒங்கண்ணன் கலியாணத்துல கோவிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாருல்ல, அதே மூஞ்சி. அப்பறம் காலைல சூப்பர்வைசர் திட்டுனான், எனக்கு மனசே சரியில்ல. ஆனா பாரு, ஒங்கிட்ட சொல்றப்ப அது ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. பருப்புல உப்பு போட மறந்துட்டேன். சரி, வச்சிர்றேன். வலதுபக்கச் சீட்டு காலியாத்தான் கெடக்கு."

"எல்லா நாளும் இப்பிடித்தாண்ணே முடிப்பாரு" என்றார் வள்ளிக்கண்ணு. "அவருக்கு ஸ்டீரிங்கு இடது பக்கமாம். வலதுபக்கச் சீட்டு காலியா இருக்குன்னு தெனமும் சொல்லிட்டு வைப்பாரு. நான் அடுப்படில போன வச்சிட்டு, கேட்டுக்கிட்டேதான் சமைப்பேன். இப்ப ஆளு முழுசா வந்து உக்காந்திருக்காரு, சத்தத்தக் காணோம். எனக்குக் கை ஓடல. ரசத்துல ரெண்டு தடவ புளி ஊத்திப்புட்டேன்."

"அவரு போறதா இருக்கறது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். இருங்கன்னு சொல்லத்தான் வாய் வரல. இருந்து இப்பிடி மோட்டுவளையப் பாக்குறதுக்கு, போயி அங்கேருந்தாச்சும் பேசட்டுமேன்னு இருக்கு."

அவர் போன பிறகு அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோடுகள் நேராகத்தான் இருந்தன. ஆனால் அடைக்கலத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த பழக்கம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. வருடக்கணக்காகத் தினமும் சாயங்காலம் அவர் அன்றைய நாளை எடுத்து, புரட்டிப் பார்த்து, சிரிக்க வேண்டியதற்குச் சிரித்து, மனசு சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கியிருக்கிறார். என்ன, நான் கையால் செய்ததை அவர் வாயால் செய்தார். கேட்க ஆள் ஒன்று தூரத்தில் இருந்தது. ஊருக்கு வந்ததும் தூரம் போய்விட்டது. ஒரே வீட்டில் இருப்பவருக்கு யாராவது குரல் செய்தி அனுப்புவார்களா? அந்தக் கூச்சத்தில் அதை நிறுத்திவிட்டார். மாற்றம் வந்து தலையில் விழுந்த அதே நாளில், மாற்றத்தைத் தாங்கிக்கொள்ள வைத்திருந்த ஒரே வழியையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். அதன் மேல் நான் என் நோட்டையும் ஏற்றி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல இருவரும் இடது கதவில் சந்தித்தோம். "நீங்க ஏறுங்க" என்றார் அவர்.

"இல்ல, இன்னிக்கி நீங்க இங்கிட்டே உக்காருங்க" என்றேன். "வண்டிய நான் ஓட்டுறேன். ஒங்க காலடில பிரேக் இருக்கு. எனக்கு நீங்கதான் இன்னிக்கி வாத்தியாரு."

அவர் சந்தேகத்தோடு உட்கார்ந்தார். பழகிய பக்கம் என்பதால் உடனே தோள் இறங்கியது, மூச்சு சீரானது. நான் அவர் போனை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

"போற வழில பாக்குறத ஒங்க வீட்டுக்கு ஒரு வாய்ஸ் போடுங்க."

"வீட்லதானே இருக்கா. சாயங்காலம் போறப்ப சொல்லிக்கலாம்."

"சொன்னீங்களா இதுவரைக்கும்?"

ஊர் எல்லை தாண்டும்வரை போனை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வள்ளி... நாந்தான். இப்ப அன்னவாசல் ரோட்ல போய்க்கிட்டிருக்கேன். வண்டிய வாத்தியாரு ஓட்டுறாரு. சுமாராத்தான் ஓட்டுறாரு."

நான் கத்தவில்லை. என் மூன்று கட்டங்களும் அப்போது எனக்கு உதவின.

"ஒரு ஆட்டுக்கு ஒதுங்குறதுக்கு இவ்வளவு யோசிக்கிறாரு. நானா இருந்தா..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. உண்மையிலேயே நான் இரண்டாவது ஆட்டைக் கவனிக்கவில்லை. "பாத்தியா வள்ளி? இப்பக்கூட நாந்தான் பிரேக் போட்டேன்" என்றார். குரலில் அந்தப் பழைய அடைக்கலம் வந்துவிட்டார். பிறகு பேச்சு வேறு பக்கம் போனது.

"எனக்கு இங்க எந்தப் பக்கமும் பழக்கமில்ல வள்ளி. வண்டிலயும் அப்பிடித்தான், வீட்லயும் அப்பிடித்தான். எந்தப் பக்கம் படுக்குறது, எந்தச் செம்புல தண்ணி மோந்து குடிக்கிறது, ஒண்ணும் தெரியல. நான் எதத் தொட்டாலும் அது வேற எடத்துல இருக்கு. நீ எல்லாத்தயும் ஒரு ஒழுங்குல வச்சிருக்க. நான் குறுக்க வந்து நிக்கிறனோன்னு இருக்கு. ஒனக்குச் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. சரி... வச்சிர்றேன்."

அனுப்பிவிட்டுப் போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தார். அன்னவாசல் போய்த் திரும்பும்போது போன் முனகியது. அவர் தட்டினார். வள்ளிக்கண்ணுவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"வாரப்ப முருங்கக்கீர ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க. அந்தப் பித்தளச் செம்பு ஒங்களுது. நீங்க போனப்பறம் அதுல யாரும் குடிச்சதில்ல. சொவத்துப் பக்கம் எனக்கு வேணும், காத்தாடிப் பக்கம் நீங்க படுத்துக்கங்க. அப்பறம்... வாத்தியாரு பக்கத்துல இருக்காரா? அவர மொதல்ல ஆட்டப் பாத்து ஓட்டச் சொல்லுங்க."

அன்று முதல் வகுப்பின் முதல் பாதி அவர் இடது பக்கம், பேச்சு. இரண்டாம் பாதி வலது பக்கம், ஓட்டம். ஒவ்வொரு நாளும் பேச்சுப் பாதியைக் கொஞ்சம் குறைத்தேன், ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினேன். எந்தத் திருப்பத்தில் எந்தக் கை தவறாகப் போனது என்பதெல்லாம் வள்ளிக்கண்ணுவுக்கு உடனுக்குடன் போய்ச் சேர்ந்தது. "இன்னிக்கி வைப்பர் ரெண்டே தடவதான் போட்டேன்" என்பார். "அப்ப மழ கொறஞ்சிருச்சு" என்று பதில் வரும். ஒருவர் தன் தவறைத் தானே வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அந்தத் தவறு அவரை விட்டுக் கிளம்ப ஆயத்தமாகிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் இதைக் கவனித்துப் பாருங்கள்.

டெஸ்ட் நாள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். ஓரத்துப் புளியமரத்தடியில் வள்ளிக்கண்ணு. நான் வேலிக்கு வெளியே. நமக்கு இந்த வேலையில் இருப்பதிலேயே கொடுமையான இடம் அந்த வேலிதான். அங்கே பிரேக்கும் கிடையாது, வாயும் கிடையாது.

அடைக்கலத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கம்பீரமாக நடந்துபோய் இடது கதவைத் திறந்தார்.

என் கால் மண்ணை அழுத்தியது. ஆய்வாளரும் அதே கதவுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். அடைக்கலம் ஒரு காலை உள்ளே வைக்கப் போனவர், அப்படியே நின்றார். கதவைப் பார்த்தார். ஆய்வாளரைப் பார்த்தார். பிறகு கதவை இன்னும் நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டு, லேசாகக் குனிந்து, "ஏறுங்க சார்" என்றார்.

ஆய்வாளருக்கு இப்படி ஒரு மரியாதையை யாரும் செய்ததில்லை போலிருக்கிறது. ஒரு கணம் திகைத்துவிட்டு ஏறினார். அடைக்கலம் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். பதற்றத்தில் தவறு வருவதை யாராலும் தடுக்க முடியாது. பாதி தவறில் நிறுத்தி, அதையே நல்ல காரியமாக முடிக்கத் தெரிந்தால் போதும். இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வண்டி கச்சிதமாகப் போனது. திருப்பங்களில் சரியான கையால் சரியான இண்டிகேட்டர். பின்னால் இழுவை இல்லை என்பதும் நினைவிருந்தது. கடைசிச் சுற்றில், நம்பினால் நம்புங்கள், தூற ஆரம்பித்தது. கண்ணாடி முழுக்கத் துளிகள். அடைக்கலம் வைப்பரைத் தொடவே இல்லை. அந்தப் பக்கம் கை போகக்கூடாது என்று அவ்வளவு உறுதியாக இருந்தார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார்.

"மழை பெய்யுதுங்க, வைப்பரப் போடுங்க" என்று ஆய்வாளர் சொன்னது எனக்கே கேட்டது.

"போடலாமா சார்?" என்று அடைக்கலம் கேட்டதும் கேட்டது.

பாஸ்.

வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். தூறல் நின்றிருந்தது. வள்ளிக்கண்ணு கூப்பிடு தூரத்தில்தான் நின்றார். இறங்கிப் போய்ச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்தார்.

"வள்ளி, பாஸு. ஏசென்ட்டுக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

மரத்தடியில் போன் முனகியது. வள்ளிக்கண்ணு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கேட்டார். கேட்டு முடித்த பிறகும் போன் காதிலேயே இருந்தது. பிறகு அதை வாயருகே கொண்டுபோனார். அடைக்கலம் தன் கையில் இருந்த போன் முனகும் வரை அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் பேசுறதா இருந்தா இங்க இருங்க. பேசமாட்டீங்கன்னா அங்க போயிருங்க, அங்கேருந்து பேசுங்க. எனக்குப் பேச்சு வேணும். அம்புட்டுத்தான்."

ஏஜென்ட்டை அடைக்கலமே கூப்பிட்டார். "தம்பி, நான் வரல. எனக்கு இங்க வேல இருக்கு."

அந்தப் பக்கம் என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும்.

"சாயங்காலத்துல பேசுற வேல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

லைசென்ஸ் அட்டை வந்த பிறகு முதல் ஓட்டத்துக்கு என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். கோழிகள் விரட்டப்பட்டு, வண்டி கழுவப்பட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நின்றது. இரண்டு பேரும் இலுப்பூர் வரை போய்வருவதாகத் திட்டம். வள்ளிக்கண்ணு புதுச் சேலையில் வந்தார். நேராக வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எதிரே ஸ்டீரிங் இருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வலதுபக்கச் சீட்டு காலியாக இருக்கிறது என்று வருடக்கணக்காகக் கேட்டுவந்த சீட்டு அது.

அடைக்கலம் அதே சமயம் இடது கதவைத் திறந்து ஏறினார். பதற்றத்தில் மட்டுமல்ல, சந்தோஷத்திலும் பழைய பழக்கம் திரும்பிவிடும். உங்கள் மாணவர்கள் மிகவும் சிரித்த முகமாக வரும் நாட்களில் கூடுதல் கவனமாக இருங்கள். அவரும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கைகளை முன்னால் நீட்டினார். கைகள் அந்தரத்தில் நின்றன. அவர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"வள்ளி, ஸ்டீரிங்கு ஒங்கிட்ட இருக்கு."

அன்றைய டைரியில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன். இதைத் தரத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என்ன நடந்தது: மேலே கண்டபடி.

நான் என்ன கத்தினேன்: ஒன்றும் இல்லை. கால் மட்டும் தரையை அழுத்தியது.

கத்தாமல் இருந்ததால் என்ன ஆனது: இருவரும் இறங்கினார்கள். ஆளுக்கொரு பக்கமிருந்து வண்டியைச் சுற்றி வந்தார்கள். முன்னால், விளக்குகளுக்கு நடுவே எதிரெதிரே சந்தித்துக்கொண்டார்கள். அவரவர் பக்கம் போய்விடுவார்கள் என்று பார்த்தேன். போகவில்லை. அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் போன் இல்லை. எலுமிச்சம்பழம் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.